மரியாதையான இருமல்

அந்தப் பெரிய மெத்தைக் கடையின் மாடியில், வாடிக்கையாளர் கண்ணெதிரே படுத்துக் காட்டுவதற்கென்றே ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு படுத்திருப்பவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள்தான். ஆனால் அதையே வேலையாகக் கொடுத்து, படுத்த பிறகு சிரிக்கவும் வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது இவருக்கு மட்டும்தான். கடையில் அவரை மெத்தையார் என்பார்கள். நாளடைவில் தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அவர் படுப்பதைப் பார்ப்பதற்கே ஆட்கள் மாடியேறுவார்கள். மெத்தைக்கு முதுகைக் காட்டி நிற்பார். கைகளை விரிப்பார். கண்ணை மூடிக்கொண்டு, வெட்டிய மரம் போல அப்படியே பின்னால் சாய்வார். மெத்தை ஒருமுறை உள்வாங்கி அவரை ஏந்திக்கொள்ளும். "பாத்தீங்களா? முதுகு என்ன கேக்குதோ, அதக் குடுக்குது" என்பார் படுத்தபடியே.

அவருடைய சொந்த முதுகு என்ன கேட்டது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அது கேட்டதையெல்லாம் வெளியே சொன்னால் பெண்கள், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நிற்க முடியாது.

சில வருஷங்களுக்கு முன்னால் முதுகெலும்பில் தட்டு விலகி, அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். சிகிச்சை முழு வெற்றி என்று மருத்துவமனை அறிவித்தது. வலிக்கு மட்டும் யாரும் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு இடுப்பில் கிளம்பி, இடது தொடை வழியாக இறங்கி, குதிகாலில் போய் உட்கார்ந்துகொண்டது. தைலம் தேய்த்தார்கள், பட்டை கட்டினார்கள், மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மைத்துனர் வந்து, தலைகீழாகத் தொங்கினால் சரியாகும் என்றார். அவரைத் தொங்கவிட்டால் எல்லாம் சரியாகும் என்று மெத்தையாரின் மனைவிக்குத் தோன்றியது. அண்ணன் ஆயிற்றே என்று சொல்லாமல் விட்டாள்.

கடைசியில் வலி மருத்துவர் ஒருவர், தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ஒரு கருவி வைக்கலாம் என்றார். நூல் போல இரண்டு கம்பிகள், இடுப்புக்கு மேலே தோலுக்கடியில் ஒரு சின்ன பேட்டரி. கம்பி ஓயாமல் மின்துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். வலி மூளைக்குப் போய்ப் புகார் கொடுக்கும் வழியில் இது குறுக்கே புகுந்து பேச்சை மாற்றிவிடும்.

"பழைய கருவியில ஒரு தொல்லை இருந்துச்சு" என்று மருத்துவர் விளக்கினார். "படுத்தா தண்டுவடம் கம்பிக்குக் கிட்ட வந்துடும், அடி பலமா விழும். உக்காந்தா தள்ளிப் போயிடும், ஒண்ணுமே தெரியாது. இது அப்படி இல்ல. ஒவ்வொரு துடிப்பையும் அனுப்பிட்டு, நரம்பு என்ன பதில் சொல்லுதுன்னு கேக்கும். பதில் பலமா வந்தா அடுத்தத குறைச்சுக்கும். லேசா வந்தா கூட்டிக்கும்."

மெத்தையாரின் மனைவி ஸ்கூல் வேன் ஓட்டுபவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் வண்டி நிறைய இருக்கும் பிள்ளைகளும் வாயை மூடிக்கொள்வார்கள். அவள் இதைக் கேட்டு வியந்துபோனாள்.

"எதிராளி சொல்ற பதிலக் கேட்டுட்டு, அடுத்தத மாத்திக்குமா? அத இவருக்குள்ளயே வெக்கப் போறீங்களா? உடனே வெச்சிருங்க டாக்டர்."

வைத்தார்கள். காயம் ஆறிய பிறகு, கருவியின் அளவுகளைச் சரிசெய்ய ஒரு நாள் வரச் சொன்னார்கள். மனைவிக்கு அன்று வேன் ஓட்ட வேண்டியிருந்தது. மெத்தையார் தனியாகப் போனார். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அளவு வைக்க வந்தவள் ஓர் இளம் இன்ஜினியர். கையில் டேப்லெட் வைத்திருந்தாள். "சார், கொஞ்சம் கொஞ்சமா கூட்டுவேன். எப்ப தெரிய ஆரம்பிக்குது, எப்ப இதமா இருக்கு, எப்ப இதுக்கு மேல வேணாம்னு இருக்கு, மூணையும் நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் மெத்தையார் வாலிபத்திலிருந்தே விற்பனையில் ஊறியவர். எதிரே ஒருவர் மும்முரமாக வேலை செய்யும்போது 'வேண்டாம்' என்று சொல்வது அவர் அகராதியில் கெட்ட வார்த்தை.

"இதமா இருக்கா சார்?"

"நல்லா இருக்கு மேடம்."

கூட்டினாள். "இப்ப?"

"அருமை."

இன்னும் கூட்டினாள். இரண்டு தொடைகளிலும் எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டது போல இருந்தது. "இப்ப?"

"பிரமாதம்!" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அதற்கு மேல் அவரிடம் பாராட்டு வார்த்தை இல்லாமல் போனதால்தான் அவள் நிறுத்தினாள்.

"சரி, இப்ப இருமுங்க."

மெத்தையார் கைக்குட்டையை எடுத்து வாயருகே வைத்து, மேலதிகாரி அறைக்குள் வரலாமா என்று அனுமதி கேட்பவர் போல ஓர் இருமல் இருமினார். நடக்கச் சொன்னாள். மேடைக்குப் பரிசு வாங்கப் போகிறவர் போல நடந்தார். படுக்கச் சொன்னாள். பிறர் வீட்டுக் கட்டிலில் படுப்பவர் போல ஓரமாக, ஓசைப்படாமல் படுத்தார். கருவி எல்லாவற்றையும் கேட்டு, கணக்காகத் தன்னை மாற்றிக்கொண்டது. டேப்லெட்டில் கோடுகள் அழகாக ஓடின.

அந்த மனிதருக்குக் கருவி அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியது. ஒரே சிக்கல், அந்த மனிதர் மருத்துவமனையை விட்டு வெளியே வரவில்லை. வெளியே வந்தவர் வேறொருவர்.

மறுநாள் கடையில், வழக்கம்போல் கைகளை விரித்து மெத்தையில் சாய்ந்தார். முதுகு மெத்தையைத் தொட்ட மறுகணம், யாரோ இரண்டு கால்களையும் உள்ளேயிருந்து பிடித்து உலுக்கியது போல ஒரு வெட்டு வெட்டியது. முகத்தில் சிரிப்பு மட்டும் கலையவில்லை. அதுதான் தொழில் பக்தி. மத்தியானம் மாடியேறும்போது இருமினார், மறுபடி ஒரு வெட்டு. எழுந்தபோது வேகமாகத் திரும்பினார், அதற்கும் ஒன்று.

போன் போட்டு இன்ஜினியரிடம் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் 'பிரமாதம்' என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வது? மெத்தையார் அதைவிட எளிதான வழி கண்டுபிடித்தார். கருவிக்கு ஒரு ரிமோட் இருந்தது. கடைக்குள் நுழைந்ததும் அதை எடுத்து, கருவியை அணைத்துவிட்டார். அத்தனை செலவு, அத்தனை தையல், அத்தனை விஞ்ஞானம், எல்லாம் அவர் சட்டைப் பையில் நிம்மதியாகத் தூங்கியது. வலி தன் பழைய வீட்டுக்கே திரும்பி வந்து கால் நீட்டிக்கொண்டது.

மருத்துவர் ஒருமுறை விசாரித்தபோது, "எல்லாம் உங்க கைராசி டாக்டர்" என்றார். மருத்துவருக்கு மகிழ்ச்சி. வீட்டில் மனைவி கேட்டபோது, "ரொம்பத் தேவல" என்றார்.

"அப்புறம் ஏன் தினமும் ஃப்ரிட்ஜப் புடிச்சுக்கிட்டு நின்னே சாப்பிடுறீங்க?"

"இங்க காத்தோட்டமா இருக்கு."

"ஃப்ரிட்ஜுகிட்டயா?"

மெத்தையார் தண்ணீர் குடித்தார். அவளும் அதற்கு மேல் துருவவில்லை. ஆனால் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வையை அன்றிலிருந்து அவர் பக்கமும் திருப்பினாள்.

சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். அன்று வலி தாங்க முடியாமல், மெத்தையார் கருவியைப் போட்டே வைத்திருந்தார். ஓரமாக நின்றுகொள்ளலாம், படுக்க வேண்டாம் என்று திட்டம். ஆனால் வீடு மாறப்போகும் ஒரு கணவன் மனைவியை முதலாளியே கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார். "எங்க ஆள் படுத்துக் காட்டுவார் பாருங்க. அப்புறம் நீங்களே எழுந்திரிக்க மாட்டீங்க."

மெத்தையார் முதலாளியைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். கைகளை விரித்துச் சாய்ந்தார். வெட்டு வந்தது, பல்லைக் கடித்துச் சமாளித்தார். ஆனால் அது புது மெத்தை. அப்போதுதான் பாலித்தீன் உறையைக் கிழித்திருந்தார்கள். அதிலிருந்து கிளம்பிய பஞ்சுத் தூசி நேராக அவர் மூக்குக்குள் போனது.

மெத்தையாரின் தும்மல் சாதாரணத் தும்மல் இல்லை. வீட்டில் அவர் தும்மினால் பக்கத்து வீட்டுக்காரர் "என்ன விழுந்துச்சு?" என்று கேட்டு வருவார். அந்தத் தும்மலை மல்லாந்து படுத்துக்கொண்டு தும்மினார். இரண்டு கால்களும் அவரைக் கேட்காமலே ஆகாயத்துக்குக் கிளம்பின. வலது காலணி கழன்று பறந்து, அலங்காரமாக அடுக்கி வைத்திருந்த தலையணைக் கோபுரத்தில் மோதியது. கோபுரம் நிதானமாக யோசித்து, முதலாளி நின்ற பக்கமாகவே சரிந்தது.

அந்தக் கணவன் மனைவி இரண்டடி பின்னால் போய் நின்றார்கள். "ஸ்பிரிங் வெளிய வந்துடுச்சா?" என்று கேட்டான் கணவன்.

"இல்ல சார், இந்த மாடல்ல துள்ளல் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் மெத்தையார், அந்த நிலையிலும்.

முதலாளி தலையணைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து, முதல் வேலையாக மெத்தையாரின் மனைவிக்குப் போன் போட்டார்.

அவள் வேனை அப்படியே கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்தாள். அவரை ஏற்றிக்கொண்டாள். வழியெல்லாம் பேசவில்லை. திட்டியிருந்தால் மெத்தையாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "அந்த ரிமோட்ட எப்பல்லாம் அணைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மெத்தையார் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை இருவரும் இன்ஜினியர் முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் டேப்லெட்டை எடுத்து, "எங்க, ஒருதடவ இருமுங்க சார்" என்றாள்.

மெத்தையார் கைக்குட்டையை எடுத்தார். அதே அனுமதி கேட்கும் இருமலை இருமினார்.

"இது யாரோட இருமல்?" என்றாள் மனைவி.

"என்னோடதுதான்."

"மேடம், இவர் வீட்ல இருமினா ஜன்னல் அதிரும். இது விருந்தாளிங்க முன்னாடி இருமுற இருமல். இத நம்பாதீங்க."

இன்ஜினியர் மெத்தையாரைப் பார்த்தாள். கைக்குட்டை மெல்லச் சட்டைப் பைக்குத் திரும்பியது. இந்த முறை வயிற்றிலிருந்து இருமினார். அடுத்த நொடி இரண்டு கைகளாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

இன்ஜினியர் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். "தப்பு என் மேலயும் இருக்கு சார். அன்னிக்கு நீங்க பிரமாதம்னு சொன்னப்ப, உங்க கால் விரலெல்லாம் மடங்கி இருந்துச்சு. பாத்தேன். ஆனா நீங்க சொன்னதத்தான் எடுத்துக்கிட்டேன். அளவு ரொம்ப மேல போயிடுச்சு. வேகமா அசைஞ்சா கருவியால எட்டிப் புடிக்கவும் முடியல. இறக்கி, சரிபண்ணிடலாம். ஆனா நீங்க கடையில எப்படிப் படுப்பீங்களோ, அப்படியே படுத்துக் காட்டணும்."

அங்கே இருந்த பரிசோதனைக் கட்டிலைக் காட்டினாள். மெத்தையார் அதன் மேல் விரித்திருந்த வஸ்துவை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இதுல விழுந்தா உங்க கருவி மட்டுமில்ல மேடம், நானும் உடைஞ்சிருவேன்."

அதனால் மறுநாள், கடை திறப்பதற்கு முன்னால், இன்ஜினியர் மெத்தைக் கடைக்கே வந்தாள். மாடியில் விளக்குகள் பாதிதான் எரிந்தன. பாலித்தீன் உறை போட்ட மெத்தைகள் வரிசையாகப் பளபளத்தன. மனைவி ஒரு மடக்கு நாற்காலியில், நீதிபதி போல அமர்ந்துகொண்டாள்.

"மொதல்ல நின்னுக்கிட்டே பாப்போம். வேணாங்கிற இடத்துல வேணாம்னு சொல்லணும் சார். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

கூட்டினாள். தொடையில் இதமாகப் பரவியது. கூட்டினாள். எறும்புகள் கிளம்பின.

"பரவா..." என்று ஆரம்பித்தார் மெத்தையார்.

நாற்காலி கிறீச்சிட்டது. மனைவி எழுந்திருக்கவில்லை, சற்று முன்னால் சாய்ந்தாள், அவ்வளவுதான்.

"வேண்டாம்" என்றார் மெத்தையார்.

யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்காத குறைதான். இன்ஜினியர் முகம் சுளிக்கவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. அவள் பாட்டுக்கு அளவைக் குறைத்தாள்.

"இப்ப?"

"இப்பவும் வேண்டாம்."

குறைத்தாள். "இப்ப?"

மெத்தையார் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "இது இருக்கலாம்" என்றார். 'வேண்டாம்' என்ற வார்த்தையின் ருசி பிடித்துவிட்டது. மனைவி ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி நீட்டியபோது அதையும் வேண்டாம் என்றார். "இதெல்லாம் எங்கிட்ட வேணாம்" என்று அவர் கையில் திணித்தாள்.

பிறகு படுக்கை. முதல் முறை சாய்ந்தபோது ஒரு சின்ன உதறல். "கால்ல தட்டுச்சு" என்றார் உடனே. கருவி நரம்பின் பதிலைப் பின்தொடரும் வேகத்தை இன்ஜினியர் கூட்டினாள். இரண்டாம் முறை உதறல் இல்லை, ஆனால் மூச்சு விடும்போதெல்லாம் தொடையில் ஏதோ கூடிக் குறைந்துகொண்டிருந்தது. "அலையில மிதக்கிற மாதிரி இருக்கு. கொஞ்ச நேரம் போனா வாந்தி வரும்." பதிலுக்குப் பதில் சொல்லக் கருவி ரொம்ப அவசரப்படுகிறது என்று சொல்லி, வேகத்தைச் சற்றுத் தணித்தாள். கடினமான மெத்தை, மிருதுவான மெத்தை, ஓரமாகச் சரிகிற மெத்தை என்று ஒவ்வொன்றாக விழுந்தார். புரண்டார். சட்டென்று எழுந்தார். வயிற்றிலிருந்து இருமினார். சொல்லச் சொல்ல அவள் மாற்றிக்கொண்டே வந்தாள்.

"இனி சிரிச்சுப் பாக்கணும்" என்றாள் இன்ஜினியர். "நிஜச் சிரிப்பு."

மெத்தையார் தன் கடைச் சிரிப்பைச் சிரித்தார். அதில் வயிறு அசையவே இல்லை.

மனைவி எழுந்தாள். பக்கத்து மெத்தைக்கு முதுகைக் காட்டி நின்றாள். கைகளை விரித்தாள். கண்ணை மூடி, முகத்தில் ஒரு தெய்வீகக் களையை வரவழைத்துக்கொண்டு, "முதுகு என்ன கேக்குதோ..." என்று அவர் குரலிலேயே இழுத்துக்கொண்டு, பொத்தென்று விழுந்தாள். விழுந்தவளுக்கு எழத் தெரியவில்லை. கவிழ்ந்த கரப்பான் போல நாலா பக்கமும் துழாவினாள்.

மெத்தையார் சிரித்தார். படுத்தபடி, வயிறு குலுங்க, மூச்சு முட்டச் சிரித்தார். நடுவில் திடுக்கென்று நிறுத்திவிட்டு, வரவேண்டியதற்காகக் காத்திருந்தார்.

வரவில்லை. தொடையில் அந்த இதம் அப்படியே இருந்தது.

"வலி எவ்ளோ இருக்கு சார்? நிஜமா?" என்று மெல்லக் கேட்டாள் இன்ஜினியர்.

"மூணுல ஒரு பங்கு இருக்கு. குதிகால்ல. அது போகல."

"அது போகாமயே இருக்கலாம்."

"தெரியுது. அத வெச்சுக்கிட்டே வேலை செஞ்சிரலாம்."

மனைவி எப்படியோ எழுந்து, அவருடைய மெத்தையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "இத்தன நாளா எவ்ளோ இருந்துச்சு?"

மெத்தையார் கூரையைப் பார்த்தார். "நிக்க முடியாது. உக்காரவும் முடியாது. நீ வண்டி எடுத்துட்டுப் போனப்புறம் சில நாள் அழுதிருக்கேன்."

 மனைவி அவருடைய இடது குதிகாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்ஜினியர் டேப்லெட்டில் தேவையில்லாத எதையோ மும்முரமாகத் தேடினாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் முதலாளி வந்திருந்தார். மாடிப்படியில் நின்று, தன் ஊழியர் மெத்தை மெத்தையாக விழுந்து எழுந்து சிரிப்பதைப் பார்த்திருந்தார். அவர் மனம் உருகியது. உருகிய மனதிலிருந்து ஒரு விளம்பரம் பிறந்தது.

அந்த வாரமே கடை வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகை வந்தது. மெத்தையார் கைகளை விரித்துச் சாயும் படம். கீழே கொட்டை எழுத்தில்: 'முதுகுவலிக்கு முற்றுப்புள்ளி! எங்கள் ஊழியரே சாட்சி!'

"சார், எனக்கு வலி குறைஞ்சது மெத்தையால இல்ல. முதுகுல வெச்சிருக்கிற கருவியால" என்றார் மெத்தையார்.

முதலாளி பொறுமையாக விளக்கினார். "கருவி எங்க இருக்கு?"

"முதுகுல."

"முதுகு எங்க படுக்குது?"

"மெத்தையில."

"அப்ப கருவிக்கே நம்ம மெத்தைதானே ஆதாரம்? போய் வேலையப் பாருங்க."

இப்படிப்பட்ட தர்க்கத்துக்கு முன்னால் விஞ்ஞானம் என்ன செய்யும்? மெத்தையார் போய் வேலையைப் பார்த்தார். ஒரு பெண்மணி வந்து நிற்கும் வரை பார்த்தார்.

அவள் மாடியேறி வந்ததும் சுவரில் கை வைத்து நின்றாள். உடம்பின் பாரமெல்லாம் ஒரு காலில். இன்னொரு கால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அந்த நிற்றலை மெத்தையாருக்கு நன்றாகத் தெரியும். அவர் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் அப்படித்தான் நின்றிருந்தார்.

"கீழ போட்டிருக்கே, அது நிஜமா? இதுல படுத்தா வலி போயிடுமா?" என்று கேட்டாள்.

மெத்தையாருக்குப் பின்னால் முதலாளி நின்றார். மெத்தையாரின் நாக்கில் 'பிரமாதம்' பழக்க தோஷத்தில் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"இல்லம்மா. போகாது. நல்ல மெத்தைதான், தூக்கம் வரும். வலிக்கு டாக்டர்கிட்டதான் போகணும். எனக்கு முதுகுல கருவி வெச்சிருக்காங்க, அதாலதான் நிக்கிறேன். அது எல்லாருக்கும் ஆகுமான்னு எனக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும், அங்க போய் நல்ல பேர் வாங்கணும்னு நினைக்காதீங்க. வலிச்சா கத்துங்க."

 அவள் மருத்துவரின் பெயரைக் கேட்டுக்கொண்டு, மெத்தை வாங்காமல் இறங்கிப் போனாள்.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டால் இரத்த அழுத்தம் ஏறுமாம். பலகையைக் கழற்றி கிடங்கில் போடச் சொன்னார், கூடவே மெத்தையாரைத் தலையணைப் பிரிவுக்கு மாற்றினார். 'உடம்புக்கு ஓய்வு தேவை' என்பதை உத்தேசித்துச் செய்த ஏற்பாடு அது. தலையணைப் பிரிவில் அலமாரிகள் கூரை வரை போயின. எந்த வாடிக்கையாளர் வந்தாலும் அவருக்குப் பிடித்தது மேல் தட்டில்தான் இருந்தது. நாள் முழுக்க ஏணியில் ஏறி, கையை உயர்த்தி எட்டி, இறங்கி, மறுபடி ஏறுவதுதான் அந்த ஓய்வு.

முதல் நாளே, மதிய இடைவேளையில், மெத்தையார் இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"மேடம், படுத்தா சரியா இருக்கு. குனிஞ்சாலும், இருமினாலும் சரியா இருக்கு. ஏணியில நின்னு மேல எட்டும்போது மட்டும் இடது பக்கம் துடிப்பு விட்டுப்போகுது. வலி வந்துடுது. எனக்கு இது வேண்டாம்."

"எத்தன நாளா இப்படி இருக்கு சார்?"

"காலையிலேர்ந்து."

 "காலையிலேர்ந்தா!" என்றாள் இன்ஜினியர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு நல்ல செய்தி கேட்டதில்லை என்பது போல இருந்தது குரல். "நாளைக்கே வாங்க. ஆனா ஏறிக் காட்டணுமே. எங்ககிட்ட ஏணி இல்ல."

"அத நான் பாத்துக்கிறேன்" என்றார் மெத்தையார்.

மறுநாள் காலையில் கடை வாசலில் ஸ்கூல் வேன் நின்றது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த மனைவி, வேன் கூரையில் தலையணைப் பிரிவின் ஏணியை வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். மெத்தையார் கீழே நின்று முடிச்சு சரியில்லை என்று குறை சொன்னார். இப்போதெல்லாம் அவருக்கு எதுவும் லேசில் பிடிப்பதில்லை.

காரிலிருந்து இறங்கிய முதலாளி இதைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னய்யா இது? ஏணிய எங்க கொண்டு போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு சார்."

"ஏணிக்கு என்ன உடம்பு?"

மெத்தையார் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி வேனைக் கிளப்பினாள்.